இதயம் எழுதிய கோடு

நுழையும்முன்

மருத்துவமனையில் மார்பிலும் கைகால்களிலும் கம்பிகளைப் பொருத்தி, சிறு கட்டங்கள் அச்சிட்ட தாளில் வளைகோடு ஒன்றைப் பதிவு செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதனை எல்லாரும் இ.சி.ஜி. என்பர், தமிழில் இதய மின்னலை வரைவு எனலாம். மருத்துவமும் பொறியியலும் கலந்த உயிர்மருத்துவப் பொறியியல் என்னும் படிப்பு பல்கலைக்கழகங்களில் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதனைத் தமக்குத் தாமே கற்பித்துக்கொண்ட அறிஞர் ஒருவரின் வாழ்க்கை இப்பாடம்.

இந்தோனேசிய நாட்டில், ஜாவாத் தீவின் வடகரையில், செமாராங் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவு டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. அந்நகரில் 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் வில்லெம் ஐந்தோவன் பிறந்தார். அவர் தந்தையார் நெதர்லாந்திலிருந்து படை மருத்துவராக அங்குச் சென்று, பின்னர் அந்நகரிலேயே மருத்துவராக அமர்ந்தவர். ஆறு குழந்தைகளுள் வில்லெம் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர்.

வில்லெமுக்கு ஆறு வயதானபோது தந்தையார் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1870-இல், தாயார் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். குடும்பத்தார்க்கு அது சொந்த நாடு. வெயிலும் பெருமழையும் அன்றி வேறு பருவம் அறியாத பத்து வயதுச் சிறுவனுக்கோ அது புதுநாடு. வேற்றூரில் வளரும் உங்களுள் பலருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1878-இல் ஐந்தோவன் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். படிப்புச் செலவுக்கு அரசின் உதவித்தொகை கிடைத்தது. அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று படை மருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்பது உடன்பாடு. தந்தையின் வழியில் பிறந்த மண்ணுக்கே திரும்பிச் செல்லும் எண்ணத்துடன்தான் அவர் பயின்றார்.

அவர் புத்தகத்திலேயே மூழ்கிக் கிடந்த மாணவர் அல்லர். உடற்பயிற்சியிலும் வாட்போரிலும் படகு வலிப்பதிலும் முன்னின்றார். ஒருமுறை விளையாட்டில் கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கை அசைக்க இயலாமல் அறையில் அடைபட்டிருந்த நாள்களில், முன்னங்கை எவ்வாறு உள்ளும் புறமும் திரும்புகிறது, முழங்கை மூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயத் தொடங்கினார். உடற்கூற்றியல் பேராசிரியர் ஒருவரின் துணையுடன் அவ்வாய்வு கட்டுரையாக வெளிவந்தது. மூட்டினை நெம்புகோலாகவும் கீலாகவும் கண்டு அதன் விசைகளைக் கணக்கிடும் துறையை இன்று உயிர் இயந்திரவியல் என்கிறோம். உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் கற்கும் பாடங்களுள் அதுவும் ஒன்று. ஐந்தோவனுக்கு அதனைக் கற்பித்தது அவருடைய முறிந்த கையே.

கண் மருத்துவர் ஸ்நெல்லனிடமும் அவர் சிலகாலம் உதவியாளராகப் பணியாற்றினார். கண் பரிசோதனைக்குச் செல்லும்போது மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா? அந்த அட்டையை உருவாக்கியவர் ஸ்நெல்லன்தான். கருநிறப் பின்புலத்தில் சிவப்பும் நீலமுமாக எழுத்துகளை அமைத்தால், ஒரே தளத்தில் இருந்தாலும் ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலும் இருப்பதுபோல் தோன்றும். இத்தோற்றத்தின் காரணத்தை ஆராய்ந்து, டாண்டர்ஸ் என்னும் பேரறிஞரின் கீழ் 1885-இல் ஐந்தோவன் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் லெய்டன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 25. கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் பயணம் நின்றுபோயிற்று. வாழ்நாள் முழுவதும் லெய்டனே அவருடைய ஊராயிற்று.

அக்கால அறிவியலார் ஒன்றை அறிந்திருந்தனர்: இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதில் மிக மெல்லிய மின்சாரம் தோன்றுகிறது. அதன் அளவு எவ்வளவு சிறிது என்பதை எண்ணிப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தில் இடும் பென்சில் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். இதயத்தின் மின்னழுத்தம் தோலுக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். அதாவது பென்சில் செல்லில் ஆயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதுவும் நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். உடலைக் கீறாமல் அதனை வெளியிலிருந்தே அளப்பது எப்படி?

லண்டனில் ஆகஸ்டஸ் வாலர் என்பவர் 1887-இல் இதனை முதன்முதலில் செய்து காட்டினார். ஜிம்மி என்னும் தம் வளர்ப்பு நாயை உப்புநீர்ப் பாத்திரங்களில் கால் வைத்து நிற்கச் செய்து, அதன் இதயத் துடிப்பின் மின்சாரத்தை அவையோர் முன் காட்டுவது அவர் வழக்கம். இது விலங்குக் கொடுமை என்று பின்னாளில் இங்கிலாந்து நாடாளுமன்றத்திலேயே வினா எழுந்ததும், கடலில் கால் நனைப்பது போன்றதே இது என்று அமைச்சர் விடையளித்ததும் சுவையான செய்திகள். 1889-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடலியங்கியல் மாநாட்டில் வாலரின் செயல்விளக்கத்தை ஐந்தோவன் கண்டார். வாலரோ மருத்துவமனைகளில் இதற்குப் பெரிய பயன் இருக்கும் என்று எண்ணவில்லை. ஐந்தோவன் அவ்வாறு கருதவில்லை.

வாலர் பயன்படுத்திய கருவியில் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதரசமும் அதன்மேல் கந்தக அமிலமும் இருக்கும். மின்னழுத்தம் மாறும்போது பாதரசத்தின் விளிம்பு சற்றே நகரும். அந்நகர்வை நிழற்படமாகப் பதிவு செய்வர். ஆனால் பாதரசம் கனமானது; மெதுவாக அசைவது. துள்ளி ஓடும் கன்றுக்குட்டியின் பின்னால் முதியவர் ஒருவர் நடந்து செல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கன்று எத்தனை முறை வளைந்து திரும்பினாலும் முதியவரின் காலடித்தடம் அதனை அப்படியே காட்டாது, வளைவுகள் மழுங்கிவிடும். கருவி வரைந்த கோடும் அத்தகையதே. தெருவில் வண்டி சென்றாலும் பாதரசம் அதிர்ந்தது.

முதியவரின் தடத்தைக்கொண்டே கன்று ஓடிய வழியைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஐந்தோவன் கருதினார். அதற்கு நுண்கணிதம் வேண்டும். மருத்துவம் பயின்ற அவருக்கு அக்கணிதம் போதிய அளவில் தெரியாது. அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கியவர் லொரன்ஸ்; பின்னர் 1902-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் எழுதிய நுண்கணிதப் பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு, பேராசிரியராகிய ஐந்தோவன் மாணவரைப்போல் கணிதம் கற்றார். தாம் கற்பிக்கும் பாடத்தில் பெயர்பெற்ற ஒருவர், தமக்குத் தெரியாத பாடத்தின் முதற்பக்கத்திலிருந்து தொடங்குவது எளிதன்று. ஐந்தோவனின் வாழ்வில் திருப்பம் எங்கே நேர்ந்தது என்று கேட்டால், நோபல் பரிசு பெற்ற நாளைவிட இந்த நாள்களையே நான் சுட்டுவேன்.

கணக்கு வெற்றி பெற்றது. 1895-இல் அவர் திருத்திய வளைகோட்டை வெளியிட்டார். அதில் ஐந்து மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். இதயத்தின் மேலறைகள் சுருங்கத் தொடங்கும்போது எழுவது பி அலை. கீழறைகள் சுருங்கும்போது எழும் கூரிய முகடும் அதன் இருபுறப் பள்ளங்களும் கியூ, ஆர், எஸ். கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது தோன்றுவது டி. உலகில் எந்த மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. ஆனாலும் இன்றும் இவையே பெயர்கள்.

ஆயினும் ஒரு நோயாளியின் ஒரு துடிப்பை அறிய இவ்வளவு கணக்குப் போட வேண்டுமென்றால், மருத்துவமனையில் அதற்கு இடம் இல்லை. பிழையான கோட்டைத் திருத்துவதைவிடப் பிழையின்றி வரையும் கருவியைச் செய்வதே முறை என அவர் துணிந்தார். மருத்துவராகத் தொடங்கியவர் கணிதம் கற்றார். இப்போது பொறியாளராக வேண்டியிருந்தது.

அவர் உருவாக்கியது இழைக் கால்வனாமீட்டர். மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே வைத்தால் அது ஒருபுறமாகத் தள்ளப்படும் என்பதை நீங்கள் பத்தாம் வகுப்பு அறிவியலில் படிப்பீர்கள். கருவியின் அடிப்படை அவ்வளவே. ஆனால் இதயத்தின் மின்சாரத்தால் அசைய வேண்டுமானால் கம்பி எடையே இல்லாததுபோல் இருக்க வேண்டும். எனவே குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை உருக்கி, அதனை அம்பின் நுனியில் ஒட்டி, வில்லிலிருந்து எய்தனர். அம்பு பாயும் விரைவில் உருகிய குவார்ட்ஸ் நீண்டு நூலாயிற்று. இம்முறையை இங்கிலாந்தின் பாய்ஸ் என்னும் இயற்பியலாளர் முன்பே கண்டறிந்திருந்தார். அந்நூலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் அதன்மேல் வெள்ளி பூசினர். வலிமை மிக்க மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே அந்த இழையைக் கட்டி, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, நுண்ணோக்கியால் அதன் நிழலைப் பெரிதாக்கி, நகர்ந்துகொண்டிருக்கும் நிழற்படத் தகட்டில் விழச் செய்தனர்.

1901-இல் இக்கருவியைப் பற்றி முதன்முதலாக எழுதிய ஐந்தோவன், அடுத்த ஆண்டு அதனால் எடுத்த இதய மின்னலை வரைவை வெளியிட்டார். முன்பு கணக்கிட்டுக் கண்ட வளைகோடும், இப்போது இழை தானே வரைந்த கோடும் ஒத்திருந்தன! கணக்கும் சரி, கருவியும் சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அக்கருவியைப் பார்த்தால் நீங்கள் வியந்துபோவீர்கள். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். மின்காந்தம் சூடேறிவிடாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பரிசோதனைக்கு வந்தவர் நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர் நிறைந்த தொட்டிகளில் வைத்திருப்பார். தோலுக்கும் கம்பிக்கும் இடையே மின்சாரம் தடையின்றிச் செல்ல அந்த உப்புநீரே வழி. இன்று தொட்டிகளுக்கு மாற்றாகப் பசையிட்ட சிறு மின்வாய்களை ஒட்டுகிறார்கள்.

இவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல இயலாது. நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், லெய்டன் மருத்துவமனையில் படுத்திருந்தனர். இதய நோய் முற்றியவரைத் தெரு வழியே அழைத்து வருவது எப்படி? ஐந்தோவன் 1905-இல் மருத்துவமனைக்கும் தம் ஆய்வகத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பியை இணைத்தார். நோயாளி அங்கேயே இருக்க, அவர் இதயத்தின் மின்சாரம் மட்டும் கம்பி வழியே வந்து ஆய்வகத்தில் கோடாகப் பதிந்தது. தொலைவிலிருந்து நோயறியும் முறைகளை நாம் இக்காலத்துப் புதுமை என்று எண்ணுகிறோம். அதன் தொடக்கம் நூறாண்டுகளுக்கும் முற்பட்டது.

அளவுகளையும் அவர் வரையறுத்தார். தகடு நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும்; ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கோடு 10 மில்லிமீட்டர் உயர வேண்டும். இதனால் ஓர் ஊரில் எடுத்த வரைவை வேற்றூர் மருத்துவரும் படிக்க இயன்றது. இரு கைகளையும் இடக்காலையும் மூன்று முனைகளாகக் கொண்டு, நடுவில் இதயம் அமைந்த ஒரு சமபக்க முக்கோணத்தை அவர் கற்பனை செய்தார். முதல் இணைப்பு வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையே. இரண்டாவது வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே. மூன்றாவது இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே. முதல் இணைப்பின் அளவையும் மூன்றாவதன் அளவையும் கூட்டினால் எப்போதும் இரண்டாவதன் அளவு கிடைக்கும். ஐந்தோவன் முக்கோணம் என்று இதனைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

இந்த முக்கோணத்தை இன்றைய உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் ஆய்வகத்தில் தம் கையாலேயே அமைத்துப் பார்ப்பர். உடன்பயிலும் ஒருவரின் இரு கைகளிலும் இடக்காலிலும் மின்வாய்களை ஒட்டி, கிடைக்கும் மில்லிவோல்ட்டைப் பெருக்கி, திரையில் கோடாகக் காண்பர். முதன்முறை செய்வோருக்குப் பெரும்பாலும் இதயத்தின் கோடு தெரியாது. சுவரிலுள்ள மின்கம்பிகளிலிருந்து நொடிக்கு 50 முறை அதிரும் மின்னிரைச்சலே திரையை நிரப்பும். அதனை வடிகட்டி இதயத்தை மட்டும் பிரித்தெடுக்கக் கற்பது படிப்பின் ஒரு பகுதி. இதற்காக மின்னணுச் சுற்றுகளையும் கணிதத்தையும் உடற்கூற்றியலையும் உடலியங்கியலையும் அவர்கள் ஒருங்கே பயில்கின்றனர். தில்லியில் ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸ் நிறுவனமும் இணைந்து இத்துறைக்கென ஒரு மையத்தை நடத்துகின்றன. சென்னையில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இது பட்டப்படிப்பாக இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் செயற்கை இதய வால்வை இந்நாட்டிலேயே உருவாக்கியது. அதற்கு மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் பல்லாண்டுகள் உழைத்தனர். ஐந்தோவனோ அவ்விருவராகவும் தாம் ஒருவரே இருக்க வேண்டியிருந்தது.

அவருடைய கருவியைச் சிறிதாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனம். உயிரியல் அறிஞர் சார்லஸ் டார்வினின் மகன் ஹொரேஸ் டார்வின் அதனை நடத்தி வந்தார். லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அக்கருவியைக் கொண்டு, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார். நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்து ஐயத்துடன் சொல்லி வந்ததை இப்போது தாளில் காட்ட முடிந்தது.

1924-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு ஐந்தோவனுக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். நோபல் பேருரையில் லூயிஸைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அவருடைய பணி இல்லையேல் தாம் அங்கு நின்றிருக்க முடியுமோ என ஐயுற்றார். அவர் வாழ்க்கையை எழுதியோர் இன்னொன்றையும் கூறுவர். கருவியை உருவாக்குகையில் நெடுங்காலம் உடனுழைத்த ஆய்வக உதவியாளர் அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய இரு சகோதரியரும் வறுமையில் வாடுவதைத் தேடி அறிந்து, பரிசுத் தொகையில் பாதியை ஐந்தோவன் அவர்களுக்கு அளித்தாராம்.

ஐந்தோவனின் மகள் ஒருவர் மருத்துவரானார், மகன் மின்பொறியாளரானார். மகன் ஜாவாவில் வானொலி ஆய்வகத்தில் பணியேற்றார். தந்தை சிறுவயதில் விட்டு வந்து, மீண்டும் செல்ல எண்ணி, செல்லாமலே போன தீவு அது. தந்தையும் மகனும் சேர்ந்து இழைக் கால்வனாமீட்டரைக் காற்று நீக்கிய கூட்டினுள் அமைத்து, மேலும் நுண்ணிய இழையைக் கட்டினர். அவ்விழை இம்முறை இதயத்துக்காக அசையவில்லை. ஜாவாவிலிருந்து கடல் கடந்து வந்த கம்பியில்லாத் தந்திக் குறிகளைப் பெற்றுப் பதிவு செய்தது.

1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ஐந்தோவன் லெய்டன் நகரில் காலமானார்.

சொல்லும் பொருளும்

உடன்பாடு – ஒப்பந்தம்
கீல் – கதவு திரும்புவதற்கு உதவும் இணைப்பு
உடலியங்கியல் – உடலுறுப்புகள் இயங்கும் முறையை ஆராயும் அறிவியல்
மழுங்குதல் – கூர்மை குறைதல்
துணிந்தார் – முடிவு செய்தார்
முகடு – உச்சி
மின்வாய் – உடலில் ஒட்டி மின்சாரத்தைப் பெறும் முனை

பயிற்சி

1. ஐந்தோவன் உட்ரெக்ட் நகருக்கு வந்து குடியேற நேர்ந்தது ஏன்?
2. கன்றுக்குட்டியையும் முதியவரையும் ஆசிரியர் எதற்கு உவமையாகக் காட்டுகிறார்? உங்கள் ஊரில் காணும் வேறொரு காட்சியைக் கொண்டு அதே கருத்தை விளக்குக.
3. ஒருவருக்கு முதல் இணைப்பின் அளவு 0.5 மில்லிவோல்ட், இரண்டாவதன் அளவு 1.2 மில்லிவோல்ட். மூன்றாவதன் அளவைக் காண்க.
4. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. இரண்டு ஆர் முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 20 மில்லிமீட்டர் என்றால், அந்த இதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்கிறது?
5. பெயர்ச்சொல்லாக்குக: கற்றார், அளந்தார், திருத்தினார், பதிந்தது. (காட்டு: பயின்றார் – பயிற்சி)
6. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் சொந்த ஊரைவிட்டு வந்த ஆண்டையும் காரணத்தையும் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.